பார்த்த பிறகு பாடுவோம்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைப் பாடல்கள் வழியே இயற்கையை அறிமுகப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பெற்றோரும் ஆசிரியர்களும் பல கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான்கு வயது மகள் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு நிறையப் பாட்டுகளைப் பாடுகிறாள். ஆனால் பாட்டில் வரும் மரத்தையோ பறவையையோ வெளியில் காட்டினால் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எங்களுக்குத் தோட்டமும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?
(ஒரு தாய், சென்னை)

பதில்: பாட்டு முதலில் வந்து, பொருள் வெகு நாள் கழித்து வரும்போது பல குழந்தைகளுக்கு இப்படித்தான் ஆகிறது. திரையில் பார்த்த மரம் ஆடுகிறது, பேசுகிறது, நொடிக்கு ஒரு நிறம் காட்டுகிறது. தெருவில் நிற்கும் வேப்பமரம் அப்படி எதுவும் செய்வதில்லை. ஆகவே வரிசையை மாற்றிப் பாருங்கள். ஏதேனும் ஒரு சிறு பொருளை மகள் நாலைந்து நாள் தொடர்ந்து பார்க்கட்டும். அது அவளுக்குப் பழகிய பிறகு, அதைப் பற்றி மட்டும் நாலு வரி சொல்லுங்கள்.

தோட்டம் இல்லையே என்று வருந்த வேண்டாம். பால்கனியில் ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் கறிவேப்பிலை நடுங்கள். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். கறிவேப்பிலை அழகி என்று ஒரு பட்டாம்பூச்சி உண்டு. எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற செடிகளின் தளிரைத் தேடி வந்து ஒவ்வொரு முட்டையாக இடும் பழக்கம் அதற்கு. முட்டையிலிருந்து வரும் புழுவை முதலில் யாரும் புழு என்றே நினைக்க மாட்டார்கள். பழுப்பும் வெள்ளையுமாக, பறவையின் எச்சம் இலையில் விழுந்து காய்ந்தாற்போல் கிடக்கும். பறவைகள் அதைக் கொத்தாமல் விடுவதற்கு அந்தத் தோற்றமே காரணம். மகளை அதன் அருகே உட்கார வைத்து, அது அசைவதை அவளே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். அவள் கண்டுபிடித்த பிறகு இப்படிச் சொல்லலாம்:

இலையின் மேலே யாரது?
எச்சம் போலக் கிடக்குது!
தலையைத் தூக்கிப் பார்க்குது,
தளிரைக் கொறித்துத் தின்னுது!

சில நாள்களில் புழு தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாகும். கடைசியில் இலையோடு இலையாகத் தெரியாத அளவுக்குப் பச்சையாகிவிடும். அப்போது இரண்டாவது பாட்டு:

நேற்றுப் பழுப்புச் சட்டையாம்,
இன்று பச்சைச் சட்டையாம்!
மாற்றிப் போட்ட சட்டையை
மடித்து வைத்த இடமெது?

குழந்தை உண்மையாகவே தேடுவாள். உரித்த தோலைப் பெரும்பாலும் அந்தப் புழுவே தின்றுவிடும் என்ற செய்தியை அவள் தேடி முடித்த பிறகு சொல்லுங்கள். அந்தச் செய்தி அவளுக்கு ஆயுளுக்கும் மறக்காது. புழுவை மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த ஒரு செந்நிற உறுப்பு வெளியே நீளும், கூடவே ஒரு வாடையும் வரும். அதையும் ஒரு முறை காட்டலாம். பிறகு அது ஒரு காம்பில் மெல்லிய பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை எல்லாம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நான்கு வயதுக் குழந்தையால் பொறுத்துக்கொள்ளக்கூடிய காலம்தான் அது. ரசத்துக்குக் கறிவேப்பிலை குறைந்து போகும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பாட்டை மட்டும் அதில் பதிவு செய்து கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வாயிலிருந்து, அந்தத் தொட்டிக்கு முன்னால், அவள் கேட்க வேண்டும்.

கேள்வி: முதல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்பது போன்ற கருத்துள்ள பாடல்களையே தேர்ந்தெடுக்கிறேன். குழந்தைகள் உரக்கப் பாடுகிறார்கள். ஆனால் இடைவேளையில் பள்ளிச் செடிகளையே ஒடிக்கிறார்கள். பாடலில் அறிவுரை போதவில்லையா?
(ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அறிவுரை கூடிப்போய்விட்டது என்று நினைக்கிறேன். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) எழுதிய பசுவும் கன்றும் பாட்டைத் தமிழ்நாட்டில் பாடாத குழந்தை இல்லை. தோட்டத்தில் வெள்ளைப் பசு மேய்கிறது, கன்றுக்குட்டி துள்ளிக் குதிக்கிறது, பசு நாவால் நக்குகிறது, கன்று மடியை முட்டிக் குடிக்கிறது, பாட்டு அவ்வளவுதான். பசுவை நேசி என்றோ, உயிர்களிடம் அன்பு காட்டு என்றோ ஒரு சொல் அதில் இல்லை. ஆனால் ‘மடி முட்டிக் குடிக்குது’ என்ற இடத்தைக் கவனியுங்கள். கன்று மடியை முட்டுவது விளையாட்டுக்கு அன்று. முட்ட முட்டத்தான் தாய்க்குப் பால் சுரந்து இறங்கும். மாட்டுக்கொட்டிலில் நின்று பார்த்தவருக்கே அந்த வரி வாய்க்கும். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கன்று முட்டும்போது ‘பாவம் பசு’ என்று கன்றை விரட்டாது. அறிவுரை செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்துவிட்டது.

உங்கள் வகுப்பில், ஒடிபடும் அந்தச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பருத்தியாக இருந்தால், காலையில் விரிந்த பூ மறுநாள் சுருண்டு கிடப்பதையும், நாளை விரியப்போகும் மொட்டு எது என்பதையும் குழந்தைகள் பார்க்கட்டும். ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு குழந்தையைப் பொறுப்பாக்குங்கள். தன் மொட்டைப் பற்றி அந்தக் குழந்தை சொல்லும் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுங்கள். தன் வரியில் வந்த மொட்டைக் கிள்ளிய குழந்தையை நான் கண்டதில்லை. அடுத்தவர் கிள்ளினால் அழுத குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அங்கன்வாடியில் பாடல் நேரம் உண்டு. நான் கையை ஆட்டினால் எல்லோரும் ஆட்டுகிறார்கள், நான் நிறுத்தினால் நிறுத்துகிறார்கள். பாட்டின் பொருள் மனத்தில் இறங்குகிறதா என்று தெரியவில்லை. பொருள் விளக்கம் சொல்ல வேண்டுமா?
(ஓர் அங்கன்வாடிப் பணியாளர், கடலூர் மாவட்டம்)

பதில்: இந்த வயதில் விளக்கம் வேண்டாம். பாடி முடித்ததும் ‘பாட்டில் என்ன பறவை வந்தது, சொல்’ என்று கேட்பதும் வேண்டாம். கேட்டவுடன் பாட்டு பரீட்சையாகிவிடும். குழந்தைகள் உங்களைப் பார்த்து ஆட்டுவது தவறும் அல்ல. கண் உங்கள் மேலேயே இருக்கிறது என்பது மட்டும்தான் குறை. அதைச் சில நாள்கள் வெளியே திருப்பினால் போதும்.

உங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் பாட்டை நிறுத்திவிட்டு, குழந்தைகளைத் திண்ணையோரம் உட்கார வையுங்கள். கண்களை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். தகரக் கூரையில் விழும் மழைக்கு ஓர் ஓசை, வாழை இலையில் விழுவதற்கு வேறோர் ஓசை, பிளாஸ்டிக் குடத்தின் மேல் விழுவதற்கு இன்னொன்று. ஒவ்வோர் ஓசையையும் வாயால் செய்து காட்டச் சொல்லுங்கள். ‘டம் டம்’ என்று ஒரு குழந்தை சொல்லும், ‘சடசட’ என்று இன்னொன்று சொல்லும், எல்லாமே சரி. தமிழில் இப்படி இரட்டித்து வரும் ஓசைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பேசக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையின் நாக்குக்கு அவை மிகவும் இசைவானவை. அவர்கள் சொன்னதைச் சேர்த்து நீங்கள் ஒரு பாட்டாக்கலாம்:

தகரக் கூரை தடதட,
வாழை இலையில் படபட,
மணலில் விழுந்த மழையே, நீ
மட்டும் ஏனோ பேசலை?

கடைசி இரண்டு வரியைப் பாடிவிட்டு, மழை விட்டதும் மணலில் விழுந்த துளிகள் குழி பறித்திருப்பதைக் காட்டுங்கள். பிறகு நீங்கள் கையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும், அடுத்த மழைக்குக் குழந்தைகள் தாமாகவே இந்தப் பாட்டைத் தொடங்குவார்கள்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியர். என் ஐந்து வயது மகனுக்குப் பாட்டி பாடும் பாடல்களில் நிலா ஓடி வருகிறது, காக்கை கண்ணுக்கு மை கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட பொய்களைச் சொல்லி வளர்த்தால் பிறகு அறிவியல் மனப்பான்மை எப்படி வரும்?
(ஒரு தந்தை, கோவை)

பதில்: பாட்டியைத் தடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ‘நிலா நிலா ஓடி வா’ என்பது நிலாவைப் பற்றிய தகவல் அன்று. அது ஓர் அழைப்பு. நிலா மல்லிகைப்பூ கொண்டு வராது என்பது ஐந்து வயது மகனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறான். கூப்பிடுவதற்காக அவன் மாடிக்கு வருகிறான், அண்ணாந்து பார்க்கிறான். உங்கள் அறிவியலுக்கும் முதல் தேவை அந்த அண்ணாந்த முகம்தானே?

அந்தப் பாட்டை வைத்தே நீங்கள் தொடரலாம். பௌர்ணமியன்று இரவு உணவு நேரத்தில் மொட்டைமாடியில் நின்று இருவரும் நிலாவைக் கூப்பிடுங்கள். கிழக்கே எழுந்து நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக நிலா எழுவதால், இரண்டு மூன்று நாளில் கூப்பிட்டும் வராத இரவு வந்துவிடும். ‘நில்லாமல் ஓடி வா என்று சொன்னோமே, ஏன் வரவில்லை?’ என்று மகன் கேட்பான். பதிலை இரவில் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் கழித்துக் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது மேற்கு வானத்தில் வெளிறிப்போய் நிற்கும் அரை நிலாவைக் காட்டுங்கள். பகலில் நிலா தெரியும் என்பதையே கவனிக்காத பெரியவர்கள் எத்தனை பேர்!

ஆயினும் உங்கள் கவலையில் ஒரு பகுதி நியாயமானது. விளையாட்டாகச் சொல்லும் கற்பனை வேறு, கவனிக்காமல் எழுதிய பிழை வேறு. கற்பனையைக் குழந்தை இனம் கண்டுகொள்ளும். பிழையை அப்படியே நம்பிவிடும். குயிலைப் பெண்ணாக்கி, ‘கரிய குயிலாள் கூவுகிறாள்’ என்று எழுதும் பாடல்கள் இன்றும் வருகின்றன. உரக்கக் கூவுவது ஆண் குயில். பளபளக்கும் கறுப்பு உடல் அதற்குத்தான். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அது ‘கிக் கிக்’ என்று கத்தும், காக்கையின் கூட்டில் முட்டையிடும். தூக்கணாங்குருவியின் கூட்டை நெய்வதும் ஆண் பறவையே. பாட்டு எழுதுவோர் இவற்றைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அச்சான பாட்டில் பிழை இருந்தால், குழந்தைக்குப் பாடும்போது நீங்களே திருத்திப் பாடிவிடுங்கள். சந்தம் சற்றுத் தட்டினாலும் பரவாயில்லை.

கேள்வி: பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை நிறைந்திருக்கிறது என்கிறார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவை எட்டுமா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: முழுப் பாடலாக எட்டாது, பொறுக்கி எடுத்த இரண்டு மூன்று வரிகள் எட்டும். சத்திமுத்தப் புலவரின் பாடலிலிருந்து தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்

இதன் பின்பகுதி வறுமையையும் பிரிவையும் பற்றியது. அது பெரியவர்களுக்கு உரியது, பிள்ளைகள் வளர்ந்த பின் தாமே போய்ச் சேர்வார்கள். உங்கள் ஊரில் தை மாதம் பனங்கிழங்குக்குக் குறைவில்லை. கிழங்கை அவித்து, பிள்ளையின் கையில் கொடுத்து, நுனியிலிருந்து இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். நீண்டு, நுனி கூர்த்து, இரு பாதிகளும் அடியில் மட்டும் ஒட்டி நிற்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மூன்று வரிகளையும் சொல்லுங்கள். உரை தேவைப்படாது. பிறகு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்று நாரைகளின் அலகைப் பார்க்க விடுங்கள். அங்கே பெரும்பாலும் காணக் கிடைப்பது மஞ்சள் அலகுள்ள நாரை. ‘பவளம் இல்லையே’ என்று பிள்ளை சொன்னால், புலவர் பார்த்தது வேறு நாரை என்று சொல்லுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் செங்கால் நாரைக்குத்தான் அலகும் காலும் சிவப்பு. நத்தைகுத்தி நாரையைக் கண்டால் அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரிவதைக் காட்டத் தவறாதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது டொராண்டோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரி வெருளி’யைப் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். பேர்த்திக்கு ஐந்து வயது. கத்தரித் தோட்டமும் வெருளியும் இல்லாத ஊரில் அந்தப் பாட்டு அவளுக்கு என்ன தரும்?
(ஓர் அம்மம்மா, கனடா)

பதில்: வெருளி, அதாவது பயிருக்குக் காவலாக நிறுத்தும் பொம்மை, அங்கேயும் உண்டு, அம்மா. இலையுதிர் காலத்தில் பூசணி பறிக்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பண்ணைகளில் வைக்கோல் அடைத்த வெருளிகள் நிற்கும். அதன் முன்னால் நின்று, கத்தரித் தோட்டத்து நடுவே காவல் நிற்கும் சேவகனை உங்கள் குரலில் பாடிக் காட்டுங்கள். பூசணித் தோட்டத்தில் நிற்பவனும் அவனுடைய உறவினன்தான் என்று பேர்த்தியே முடிவு செய்துகொள்வாள். புலவர் (1878–1953) குழந்தைகளுக்காக எழுதியதைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்க உங்களைவிடத் தகுந்தவர் அந்த வீட்டில் வேறு யார்?

ஆனால் நம் ஊர்ப் பாட்டுகளோடு நின்றுவிடாதீர்கள். அவள் நாள்தோறும் காண்பது பனியும் மேப்பிள் மரமும் அணிலும். அவற்றுக்குத் தமிழில் பாட்டு இல்லையென்றால், இயற்கை ஒரு மொழியிலும் தமிழ் வேறொரு பக்கத்திலுமாக அவளுக்குள் பிரிந்துபோகும். அங்குள்ள அணில் நம் அணிலைவிடப் பெரியது. சாம்பல் நிறத்திலோ முழுக் கறுப்பிலோ இருக்கும். முதுகில் மூன்று கோடு இராது. இலையுதிர் காலத்தில் கொட்டைகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக மண்ணில் புதைத்துவிட்டு, குளிர்காலத்தில் தோண்டி எடுக்கும். சன்னலோரம் பேர்த்தியோடு நின்று இப்படிக் கேட்கலாம்:

முதுகில் மூன்று கோடில்லை,
மூக்கு மட்டும் அப்படியே!
எதனைப் புதைத்தாய் மண்ணுக்குள்?
எப்படிப் பனியில் தேடுவாய்?

முதல் வரியைக் கேட்டதும், ‘மூன்று கோடு எந்த அணிலுக்கு?’ என்று அவள் கேட்பாள். அப்போது உங்கள் ஊர் அணில் வரட்டும்.

கேள்வி: என் ஆறு வயது மகன் தானாகவே பாட்டுக் கட்டுகிறான். ‘எறும்பு எறும்பு எங்கே போறே, முட்டை தூக்கிட்டு மேலே போறே, கீழே தண்ணி வருமா’ என்றான். எதுகையும் இல்லை, பேச்சு வழக்கும் கலந்திருக்கிறது. திருத்திக் கொடுக்கலாமா?
(ஒரு தந்தை, மதுரை)

பதில்: ஒரு சொல்லையும் தொடாதீர்கள். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததை உங்கள் மகன் தன் கண்ணால் கண்டு, தானே கேள்வியாக்கியிருக்கிறான். எதுகையும் மோனையும் கேட்கக் கேட்கத் தாமாக வந்து சேரும். நல்ல பாடல்களை நீங்கள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தால் போதும். இப்போது திருத்தினால், அடுத்த முறை எறும்பைப் பார்ப்பதற்குப் பதில் உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

அவன் சொன்னபடியே, ‘போறே’, ‘தண்ணி’ எல்லாம் அப்படியே இருக்க, ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். அன்றோ மறுநாளோ மழை பெய்ததா என்பதைப் பக்கத்தில் அவனையே குறிக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் இன்னொன்றும் செய்யலாம்: எறும்புகள் தூக்கிச் செல்லும் அந்த வெள்ளை மணிகளை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் காட்டுங்கள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைகள் அல்ல, எறும்பின் இளம்புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தாம். அதைக் கண்ட பிறகு அவன் அந்தப் பாட்டில் ஒரு வரியை மாற்ற விரும்பினால், மாற்றுவது அவன் உரிமை. பழைய வரியை மட்டும் அழித்துவிடாமல், புதியதை அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.